முகம் காட்டி வருகைப்பதிவு: கையெழுத்துப் போடலாமா, கூடாதா?

தறிநாடா:
சேலம் டவுனில் ஒரு தனியார் பள்ளி பெற்றோருக்கு அனுப்பியிருக்கும் படிவம் இது. கேட்டில் பிள்ளை முகம் காட்டினால் வருகை பதிவாகும், வீட்டுக்கு மெசேஜ் வரும், அதற்கு ஒப்புதல் கையெழுத்து வேண்டுமாம். கூடவே ஆதார் நகல், சாதி, ஆண்டு வருமானம், ரத்த வகை, ரெண்டு செல் நம்பர். பெற்றோர் சேர்ந்து மனு எழுதுகிறார்கள். என் கட்சி, யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

வருகைப்பதிவேடு:
200 கோடியைச் சொல்லிப் பயமுறுத்தாதீங்க. விதிகள் வந்ததே 2025 நவம்பரில். ஒப்புதல் பிரிவெல்லாம் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மேயில்தான் அமல். அப்புறம் அந்த விதிகளின் நான்காம் அட்டவணையைப் பாருங்க: கல்விப் பணிக்கோ பிள்ளைகள் பாதுகாப்புக்கோ பள்ளி கண்காணித்தால், பெற்றோர் ஒப்புதல் விதியிலிருந்தே விலக்கு. வேன் ஓட்டுபவர் போக வர இருப்பிடம் பார்ப்பதற்கும் அப்படியே. ஆதாரும் சாதியும் பள்ளி ஆபீஸ் ஆசைப்பட்டுக் கேட்பதில்லை. எமிஸில், அதாவது அரசின் பள்ளி மாணவர் தரவுத் தளத்தில், ஏற்ற வேண்டும், கட்டம் காலியாக இருந்தால் கேள்வி ஆபீஸுக்குத்தான் வரும்.

இருபதாம் வளைவு:
ரெண்டு பேரும் சட்டத்திலேயே நிக்கறீங்க. முதலில் கணக்கைப் போடுங்க. 1,200 பிள்ளைகள், முகத்துக்கு 3 விநாடி, மொத்தம் 3,600 விநாடி. ஒரு மணி நேரம். ரெண்டு டேப்லெட் வைத்தாலும் அரை மணி நேரம் கேட்டில் வரிசை. டீச்சர் 40 பெயர் வாசிக்க ரெண்டு நிமிஷம், அதுவும் 30 வகுப்பிலும் ஒரே சமயத்தில் முடியும். எதை மிச்சம் பண்ணப் போறீங்க?

கேட் கிழக்குப் பார்த்திருந்தால் காலை வெயில் பிள்ளையின் முதுகில் விழும், கேமராவுக்கு முகம் கருப்பாகத்தான் தெரியும். எல்கேஜி பிள்ளை முகம் வருஷத்துக்கு வருஷம் மாறும், திரும்பத் திரும்பப் பதியணும். இரட்டைப் பிள்ளைகளைக் குழப்பும். உயிருள்ள முகமா என்று சோதிக்காத மலிவு மென்பொருள் என்றால் செல்லில் இருக்கும் போட்டோவைக் காட்டினாலே 'வந்தாச்சு' போட்டுவிடும். இதில் பெரிய ஆபத்து எதுன்னா, கேட்டைத் தாண்டின பிள்ளை வகுப்புக்கு வராமல் போனாலும் வீட்டுக்கு மெசேஜ் போயிருக்கும். யாரும் தேட மாட்டார்கள்.

வருகைப்பதிவேடு:
வரிசை விஷயம் சரி, ஒத்துக்கறேன். ஆனால் மெசேஜ் வேணும்னு கேட்பதே பெற்றோர்தான். போட்டோ சேமிப்பதில்லை, முகத்தை எண்களாக மாற்றித்தான் வைக்கிறோம் என்று இந்தக் கருவி விற்பவர்கள் சொல்கிறார்கள். எண்ணை வைத்து யார் என்ன செய்ய முடியும்?

இருபதாம் வளைவு:
அந்த எண்கள்தான் அந்த மென்பொருளுக்கு முகம். பாஸ்வேர்ட் போனால் மாத்தலாம், முகம் போனால்? அந்த எண்கள் டேப்லெட்டுக்குள்ளேயே இருக்கா, கம்பெனி சர்வருக்குப் போகுதா, டிசி வாங்கின அன்றைக்கு யார் அழிப்பார், அழித்ததை எப்படிக் காட்டுவார்? மனுவில் இதைக் கேளுங்க.

தறிநாடா அக்காவுக்கும் ஒரு சேதி. ஸ்வீடனில் ஷெலெஃப்டியோ ஊரில் ஒரு பள்ளி 22 மாணவர்களை வைத்து மூணு வாரம் முக வருகைப்பதிவு சோதித்தது. பெற்றோர் ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் 2019-ல் 2 லட்சம் குரோனா அபராதம். பள்ளியின் கைப்பிடிக்குள் இருக்கும் பிள்ளை சுதந்திரமாக 'சரி' சொல்ல முடியாது, அதனால் அந்த ஒப்புதல் செல்லாது என்றது அங்கத்திய தரவுப் பாதுகாப்பு ஆணையம். கையெழுத்தை மட்டும் பிடித்துத் தொங்கினால், நாளைக்கு 'கையெழுத்து வாங்கியாச்சு' என்று அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

காப்பிக்கொட்டை:
ஏற்காட்டிலிருந்து ஒரு குறுக்குச்சால். வராத முகக் கருவிக்கு இவ்வளவு சண்டை, இன்றைக்கே ஒழுகுகிற ஓட்டையை யாரும் பேசலை. ஐடி கார்டு அடிக்க அச்சகத்துக்குப் போகும் எக்செல். அதில் முகவரி, பிறந்த தேதி, செல் நம்பர், சில சமயம் ஆதார் வரைக்கும் இருக்கும். வேலை முடிஞ்சும் கடைக் கம்ப்யூட்டரில் கிடக்கும். அடுத்தது கூகுள் ஷீட். 'லிங்க் உள்ள எவரும்' என்று விட்டிருப்பார்கள், அந்த லிங்க் வகுப்பு வாட்ஸ்அப்பில் சுத்தும். அதை 'கட்டுப்படுத்தப்பட்டது' என்று மாத்த ஒரு தட்டு போதும். பதிவெண்ணும் பிறந்த தேதியும் ஒரே பட்டியலில் குரூப்பில் விழுந்தால், பொதுத்தேர்வு முடிவு நாளில் யார் மார்க்கை யாரும் பார்க்கலாம். ரிசல்ட் தளம் கேட்பது அந்த ரெண்டைத்தான்.

மலையில் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம். பெற்றோர் எங்கோ தூரத்தில். பிள்ளை பெயர், வகுப்பு, அப்பா நம்பர் மூணும் கையில் இருந்தால், 'உங்க பையனுக்கு அடிபட்டுடுச்சு, உடனே பணம் போடுங்க' என்று ஒரு அழைப்பு போதும். பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிக்கணும், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கிட்டே போகும்.

தறிநாடா:
எக்செல் விஷயம் மனுவில் ஏறியாச்சு. ஆனால் முகத்தை விடச் சொன்னால் விட மாட்டேன். ஓடிப்போகும் என்று யாரும் நம்பாததை எல்லாம் பெற்றோர் ஓட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 10 கோடி டாலர் முதலீட்டில் வந்த இன்ப்ளூம் என்ற மாணவர் தரவுக் கிடங்கு, நியூயார்க் பெற்றோர்களும் மற்ற மாநிலத்துக்காரர்களும் விடாமல் எதிர்த்ததில் 2014-ல் மூடப்பட்டது. கசிந்த பிறகு இல்லை, கசிவதற்கு முன்னாலேயே.

எமிஸ் சாக்கு வேண்டாம்ங்க. எமிஸில் ஏற்றுவது வேறு, அதே ஆதார் எண்ணை ஆப் கம்பெனிக்குக் கொடுப்பது வேறு. ஆதாரைப் பார்த்து ஏற்றிவிட்டு நகலைக் கையில் திருப்பிக் கொடுங்க. ஆதார் இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாதுன்னு 2018 செப்டம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு.

வருகைப்பதிவேடு:
அச்சகத்துக்குப் பெயர், வகுப்பு, போட்டோ, ரத்த வகை, பள்ளி போன் நம்பர், இந்த அஞ்சு போதும். மத்த பத்திகளை ஷீட்டிலிருந்தே தூக்கிடலாம், இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. முகக் கருவி கிளார்க் கையில் இல்லை. முன்பணம் கட்டின தாளாளர் ஒருத்தரும் கிளார்க் பேச்சைக் கேட்டு நிறுத்த மாட்டார்.

தறிநாடா:
அப்போ மனு தாளாளர் பெயருக்கே. ரெண்டு நகல், ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கணும். பதில் வரலைன்னா அடுத்த நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு.

இருபதாம் வளைவு:
அந்த 3,600 விநாடிக் கணக்கை முதல் பக்கத்திலேயே போடுங்க. சட்டப் பிரிவைப் படிக்காதவரும் அதைப் படிப்பார்.