பொருளியலும் புவியியலும் சேர்த்துப் படித்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் வெள்ளவத்தை. மகள் கொழும்புப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். பொருளியல், புவியியல் இரண்டையும் விடமாட்டாளாம். கால்வாய் ஏன் மழைக்கு நிரம்புகிறது, அதனால் கடைக்காரருக்கு எவ்வளவு நட்டம் என்று ஒரே மூச்சில் கேட்கிற பிள்ளை.

மூன்று வருடப் பட்டம் 90 கிரெடிட் (பாடச்சுமையை அளக்கும் அலகு), நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 120. சிறப்புக்குப் போனால் ஒரு பாடத்தில்தான் ஆழமாக இறங்க வேண்டும். மூன்று வருடத்தில் கலந்து படிக்கலாம், சரி, ஆனால் மேற்படிப்புக்கு அது போதுமா? மாமா "சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் வேண்டாம்" என்கிறார். அவர் கணக்காளர், வேறென்ன சொல்வார்!

இப்படிக் கலந்து படித்த தம்பி தங்கச்சிமார் யாராவது சொல்லுங்கள். நேரசூசி மோதியதா? தமிழ்மொழியில் உயர்தரம் செய்த பிள்ளை ஆங்கில விரிவுரைகளைச் சமாளிக்குமா? நேர்முகத்தில் என்ன கேட்டார்கள்?