மறுமொழி: மலையேற்றக் கலைச்சொற்கள் – மடக்குப்பையா, அடங்குபையா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். தன் பாக்கெட்டுக்குள்ளேயே அடைத்துவிடக்கூடிய மெல்லிய முதுகுப்பைக்கு (packable backpack) நம் மலையேற்றக் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> மடக்குக் குடை, மடக்குக் கத்தி என்கிறோம். மடக்குப்பை என்றே வைத்துக்கொள்ளலாமே?

எளிய சொல்தான், ஐயா. ஆனால் குடைக்கும் கத்திக்கும் மடங்குவதற்கு ஒரு மூட்டு உண்டு. இந்தப் பையில் மூட்டும் இல்லை, பையை விறைப்பாக நிறுத்தும் சட்டமும் (frame) இல்லை. இடுப்புப் பட்டை இருந்தாலும் பெரும்பாலும் வெறும் நாடாதான். யாரும் இதை மடித்து வைப்பதில்லை. கசக்கி, அதன் பாக்கெட்டுக்குள்ளேயே திணித்து ஜிப்பை இழுத்துவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, மடக்குப்பை என்று சேர்த்து எழுதினால் முதலில் கண்ணில் படுவது குப்பை.

என் பரிந்துரை அடங்குபை. வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது, குப்பையும் எட்டிப் பார்க்காது. 'தன்னடக்கப் பை' என்று ஒருவர் எழுதியதை மிகவும் ரசித்தேன். ஆனால் கடையில் போய்க் கேட்டால், பைக்கு அவ்வளவு பணிவா என்பார்கள்.

> உச்சிக்கு ஏறும்போது எடுத்துப்போவதுதானே, முகட்டுப்பை போதாதா?

அது பயனைச் சொல்கிறது, அமைப்பைச் சொல்லவில்லை. பெரிய பையை முகாமில் விட்டுவிட்டுத் தண்ணீர், குளிருடை, கொஞ்சம் உணவோடு உச்சிக்குப் போகிறவர் சட்டம் வைத்த 30 லிட்டர் பையையும் சுமக்கலாம். அதுவும் முகட்டுப்பைதான். இரண்டு சொற்களும் தனித்தனியே இருக்கட்டும்.

விளக்கக் குறிப்பு இப்படி இருக்கலாம்: சட்டமில்லாத, தன் பாக்கெட்டிலேயே அடங்கும் முதுகுப்பை, கொள்ளளவு பெரும்பாலும் 15 முதல் 25 லிட்டர், எடை ஏறத்தாழ 100 முதல் 300 கிராம்.

எடை குறைந்ததே நல்லது என்ற தொனி மட்டும் குறிப்பில் வேண்டாம். சுமை முழுவதும் தோளில் இறங்குவதால் 5 கிலோவைத் தாண்டினாலே மெல்லிய பட்டை அறுக்கத் தொடங்கும். துணியையும் பார்க்க வேண்டும். நூலின் பருமனை டெனியரில் சொல்வார்கள்: 9000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 30 டெனியர் நைலான் நடைபாதைக்குப் போதும். பாறையில் முதுகை உரசி ஏறுகிறவருக்கு 70, 100 டெனியர்தான் சரி, கூடுதல் எடையைப் பொறுத்துக்கொள்ளலாம். பனிக்கோடரி மாட்ட வளையம் இருக்கிறதா என்பதும் முக்கியம். பனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் கிராம்பானை (crampon) உறையில்லாமல் இதற்குள் போட்டால் அதன் முட்கள் துணியைத் துளைத்துவிடும்.

கட்டங்கட்டமாகத் தடித்த இழை ஓடும் துணிக்கு (ripstop) 'கிழியா நெசவு' என்று பட்டியலில் இருக்கிறது. மிகைப்படுத்தல். விழுந்த கிழிசல் பரவாமல் நிறுத்துமே தவிர, ஓட்டை விழுவதை அந்த நெசவு தடுக்காது. 'கிழிதடை நெசவு' என்று மாற்றலாமா?

தூங்குபையை அடைக்கும் உறைக்குத் திணிபை பொருத்தம்; திணிபை பிறவற்றை அடைப்பது, அடங்குபை தானே அடங்குவது. குழப்பம் வராது.

மிச்சமிருப்பது பை அடங்கும் அந்தச் சிறு பாக்கெட்டுக்கான பெயர். உள்பை என்றால் உள்ளே இன்னொரு பை என்று பொருளாகிவிடும். அடக்கு, உறை இரண்டையும் புணர்த்தினால் 'அடக்குறை'. அதில் குறை வந்து நிற்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.