க்ருசெய்ரோ செய்ஷாஸ் செரிகிராஃப்: கைக்கு வந்ததும் கை நழுவியதும்

தாள்வாசம்:
மூன்று வருஷமாகியும் மனசு ஆறவில்லை. லிஸ்பன், ஃபெய்ரா தா லாட்ரா சந்தை, சனிக்கிழமை காலை. தரையில் விரித்த துணியில் பழைய பீங்கான், சாவிக்கொத்து, நடுவில் ஒரு அட்டைக் கோப்பு. திறந்தால் போர்ச்சுகல் சர்ரியலிச ஓவியர், கனவு போன்ற உருவங்களை வரைந்த செய்ஷாஸ்! செரிகிராஃப், அதாவது ஸ்கிரீன் என்கிற மெல்லிய வலைத்துணி வழியாக மையைத் தள்ளி அச்சிட்ட படம். பாதி குதிரை, பாதி மனுஷன், தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கை, பின்னால் கருநீல வானம். கீழே பென்சிலில் 47/150, அதாவது 150 பிரதிகளில் 47 என்று எண்ணிட்டது, பக்கத்தில் கையெழுத்து. அவ்வளவு பணம் கையில் இல்லை, ஏடிஎம் தேடிப் போய் வந்தேன், பத்து நிமிஷம்தான். ஒரு பெரியவர் தாளை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். வானத்தின் ஓரத்தில் மை தாளுக்கு மேலே எழும்பிப் பளபளத்தது. பணம் கொடுத்துவிட்டிருந்தார்.

நீலமை:
அது அசல்தான் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? நான் ஒரு செய்ஷாஸ் வாங்கி ஏமாந்தவன். கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை. வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாக ஆஃப்செட், புத்தகம் அச்சிடுகிற மெஷின் அச்சு. டார்ச்சைச் சாய்த்து அடித்தேன், கையெழுத்து மினுங்கவே இல்லை. பென்சில் கோடு மினுங்கும். படத்தோடு அச்சான கையெழுத்து அது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

சுவரோவியம்:
போர்ச்சுகலில் ஃபமலிக்காவ் என்ற ஊரில், குபெர்டீனோ தெ மிராண்டா அறக்கட்டளையில் செய்ஷாஸின் மை ஓவியங்களைப் பார்த்தேன், ஒரு கோட்டின் முன்னால் அசையாமல் நின்றுவிட்டேன். சரி, வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், பழுப்பேறினால் போகாது. கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, நடுவில் அமிலமில்லாத அட்டை வையுங்கள், இல்லையென்றால் ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். வெயில் படும் சுவர் வேண்டாம். ஓரத்தை வெட்டி ஃபிரேமுக்குள் அடக்குகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது, எண்ணும் கையெழுத்தும் அங்கேதானே இருக்கின்றன! அப்புறம், எண் சிறியதாக இருந்தால் உசத்தி என்பதும் தவறு, தாள்களை அச்சான வரிசையிலேயே எண்ணிடுவார்கள் என்று சொல்ல முடியாது. ‘பி.ஏ.’ என்றிருந்தால் ஓவியருக்கென்று ஒதுக்கிய பிரதி.

ரப்பர்கட்டை:
நீலமை, உங்களுக்கு நடந்தது அநியாயம், ஆனால் தாள்வாசம் எழுதியதைச் சரியாகப் படியுங்கள். மை எழும்பி நின்றதாகச் சொல்கிறார், ஆஃப்செட்டில் அது வராது. என்னைக் கேட்டால் அது செரிகிராஃப்தான். ‘கையால் வரைந்ததை ஸ்கிரீனில் மாற்றினால் வெறும் நகல்’ என்று இன்னொரு இடத்தில் வாதாடினார்கள், அதையும் ஏற்க மாட்டேன். செய்ஷாஸ் 1949-இல் கவிஞரும் ஓவியருமான செசாரினியோடு சேர்ந்து ‘ஓஸ் சுரியலிஷ்டாஸ்’ (சர்ரியலிஸ்டுகள்) குழுவின் கண்காட்சியில் படம் வைத்தவர், 2020 நவம்பரில், நூறு வயதுக்கு ஒரு மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போது இறந்தார். அப்படிப்பட்டவர் பார்த்துச் சரி சொல்லி ஒவ்வொரு தாளாகக் கையெழுத்திட்டது எப்படி வெறும் நகலாகும்? லிஸ்பனில் ஒரு பட்டறையில், வேறொருவருடைய படம் அச்சாவதைப் பார்த்தேன். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், ஒரு நிறம் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசித் தாள் இறங்கியதும் ஸ்கிரீனைச் சாய்த்து வைத்து, மருந்து பூசித் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அந்த உருவம் கரைந்து கால்வாயில் ஓடியது. இனி ஒரு பிரதிகூட வராது என்று அப்போதுதான் உறைத்தது.

தாள்வாசம்:
தலைக்குப் பதில் கை உள்ள அந்தக் குதிரை யாரிடமாவது இருந்தால், விற்க வேண்டாம், ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அந்தக் கையில் எத்தனை விரல் என்று எண்ணாமல் வந்துவிட்டேன்.