கொல்லிமலை ஏறி இறங்கும் 2013 ஸ்விஃப்ட்: முன்பக்கம் சத்தம், முழு செட்டையும் மாற்றணுமா?

மலைச்சாலை (நாமக்கல்)

வணக்கம். என்னுடையது 2013 ஸ்விஃப்ட் டீசல். தை மாதம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், மீட்டரில் 1,12,000 கி.மீ. வேலை மலை மேலே செம்மேட்டில், வீடு நாமக்கல்லில். திங்கட்கிழமை ஏறினால் சனிக்கிழமை இறங்குவேன். காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவு இருப்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஒட்டுப்போட்ட தார் ரோட்டில் மெதுவாகப் போனால் இடது முன்பக்கம் ‘டக் டக்’ என்று தட்டுகிறது. வேகத்தடையில் நேராக ஏறி இறங்கினால் அந்தச் சத்தம் கிட்டத்தட்ட இல்லை. இறக்கத்தில் பிரேக்கை அழுத்தும்போது அடியில் ஏதோ நகர்ந்த மாதிரி ஒரே ஒரு ‘டப்’. வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் ஸ்பிரிங் ‘டொய்ங்’ என்று அதிர்கிறது. இடது டயர் உள் விளிம்பில் மட்டும் தேய்ந்திருக்கிறது.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. பானெட்டை அமுக்கிவிட்டு, ‘சஸ்பென்ஷன் போயிருச்சுங்க, முன்னாடி முழு செட்டும் மாத்தணும், 28,000 ஆகும்’ என்று கூட வந்த என் தம்பியிடம் சொன்னார். ஓட்டுவது நான், பணம் கொடுப்பதும் நான், பதில் மட்டும் அவனுக்கு! லாரி ஊர் வேறு, டீக்கடையில் ஆளுக்கொரு தீர்ப்பு. சென்னை புதுப்பேட்டையில் பழைய ஷாக் அப்சார்பர் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். எதை மாற்றணும், எதை விட்டுவைக்கலாம்?

கோவை டீசல்

அந்த ‘டக் டக்’ லிங்க் ராடாகத்தான் இருக்கும். விலை குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். அதை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள், மிச்சத்தை அப்புறம் யோசிக்கலாம்.

பழைய பட்டறை (திருச்செங்கோடு)

அம்மிணி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. மூன்று வெவ்வேறு சத்தம் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே சாமானில் இருந்து வராது.

முதல் சத்தத்துக்குக் கோவைத் தம்பி சொன்ன லிங்க் ராட் சரி. ஏன் என்று சொல்கிறேன். முன்சக்கரம் இரண்டையும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பி ஒன்று இணைக்கிறது, அதன் முனையைச் சக்கரத்தின் பக்கம் மாட்டுவதுதான் லிங்க் ராட். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறுவதால் அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளாமல் அப்படியே சுழன்று கொடுக்கும், லிங்க் ராடுக்குப் பெரிதாகப் பாரம் வராது. ஒரு சக்கரம் மட்டும் ஒட்டுப்போட்ட பள்ளத்தில் இறங்கினால்தான் கம்பி முறுக்கி லிங்க் ராடை மேலும் கீழும் இழுக்கும். அதன் முனையில் உள்ள சின்ன உருண்டை தேய்ந்திருந்தால் அங்கேதான் தட்டும். இதைச் சோதிக்க ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்காதீர்கள். கம்பி முறுக்கேறி லிங்க் ராடைப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியாது. இரண்டு சக்கரமும் தரையில் இருக்கவேண்டும், அல்லது இரண்டும் தொங்கவேண்டும். அப்போது கையால் பிடித்துக் குலுக்கினாலே தெரிந்துவிடும்.

இரண்டாவது, பிரேக் பிடித்தால் வரும் ‘டப்’. எனக்கு லோயர் ஆர்மின் (சக்கரத்தை அடியில் வண்டியோடு பிடித்திருக்கும் இரும்புக் கை) பின் புஷ் மீதுதான் சந்தேகம். புஷ் என்பது அந்தக் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படும், அதைத் தாங்குவது அந்த ரப்பர்தான். மலை இறக்கத்தில் அதற்கு ஓய்வே கிடையாது. சமதளத்தில் மெதுவாக முன்னே போய் ஒரு பிரேக், ரிவர்ஸில் வந்து ஒரு பிரேக் பிடியுங்கள். இரண்டு தடவையும் ‘டப்’ கேட்டால் ரப்பர் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். பிறகு வண்டியைத் தூக்கி, டயர் லீவரைப் புஷ் பக்கத்தில் கொடுத்து நெம்பச் சொல்லி நீங்களே குனிந்து பாருங்கள். மேலாக முடிபோல் இருக்கும் கீறல் வயசுக்கு வருவது, அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்பவேண்டாம். நெம்பும்போது ரப்பர் வாய் பிளந்தால்தான் ஆள் அவுட். புஷ் தளர்ந்து சக்கரத்தின் கோணம் மாறுவதால் டயர் உள் விளிம்பு தேய்வதும் இதோடு ஒத்துப்போகிறது.

‘டொய்ங்’ சத்தம் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) மேல் மவுண்டில் இருக்கும் பேரிங். ஸ்டியரிங் திரும்பும்போது ஸ்பிரிங்கும் அதோடு வழுக்கித் திரும்பவேண்டும். பேரிங் துருப்பிடித்தால் ஸ்பிரிங் முறுக்கேறி ஒரு கட்டத்தில் துள்ளி விடுபடும். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, நீங்கள் ஸ்பிரிங் மேல் விரல் நுனியை லேசாக வைத்தால் அந்தத் துள்ளல் தெரியும். சுருளுக்கு இடையில் மட்டும் விரலை விடாதீர்கள்.

பானெட்டை அமுக்கிப் பார்ப்பதெல்லாம் ஷாக் முழுசாகச் செத்துப்போயிருந்தால்தான் காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ரட் உடம்பில் எண்ணெய் ஈரம் தூசியோடு ஒட்டியிருந்தால் அது வெறும் வேர்வை, ஓடட்டும். கீழே வரை வழிந்திருந்தால் மாற்றவேண்டும்.

பழைய ஷாக் வேண்டவே வேண்டாம். கதவு, கண்ணாடி, லைட் வாங்கப் புதுப்பேட்டை போகலாம். உள்ளே எவ்வளவு தேய்ந்தது என்று கண்ணுக்குத் தெரியாத சாமானை அங்கே வாங்குவது வீண்.

கடைசியாக, சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், அப்புறம் இடமும் வலமும். மேல் கீழாக ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டும்போது ஆட்டம் நின்றால் பேரிங். இட வலமாக இருந்தால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியின் முனை) பக்கம் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மலைச்சாலை (நாமக்கல்)

ரொம்ப நன்றிங்கண்ணா. வேறொரு பட்டறையில் தூக்கிப் பார்த்தாச்சு. இந்த மெக்கானிக் லைட்டை என் கையில் கொடுத்து, அடியில் கூப்பிட்டே காட்டினார்.

இடது லிங்க் ராட் கையாலேயே ஆடுகிறது. வலதும் லேசாக ஆடுகிறது. இடது லோயர் ஆர்ம் பின் புஷ் லீவர் போட்டதும் நீங்கள் சொன்ன மாதிரியே வாயைப் பிளந்தது, உள்ளே இருக்கும் இரும்புக் குழாய் தனியாகத் தெரிந்தது. வலது புஷ்ஷில் கீறல் மட்டும். பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் இரண்டிலும் ஆட்டம் இல்லை. இடது ஸ்ட்ரட்டில் எண்ணெய் வழிந்து ஸ்பிரிங் தட்டு வரை மண் அப்பியிருக்கிறது. வலது ஸ்ட்ரட் புதிதாக இருக்கிறது, பழைய ஓனர் அதை மட்டும் மாற்றியிருக்கிறார் போல.

புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் அடித்து மாற்றலாமா, ஆர்மையே மாற்றணுமா? வலது ஸ்ட்ரட்டையும் கழற்றணுமா?

பழைய பட்டறை (திருச்செங்கோடு)

ஸ்விஃப்ட்டில் பால் ஜாயிண்ட் லோயர் ஆர்மோடு சேர்ந்தே வரும். 1,12,000 ஓடிய பால் ஜாயிண்டை வைத்துக்கொண்டு புஷ்ஷுக்கு மட்டும் கூலி கொடுத்தால், அது தேயும்போது மறுபடி அதே கூலி. இடது ஆர்மை முழுசாக மாற்றுங்கள். வலது ஆர்மைக் கையில் காசு இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். லிங்க் ராட் இரண்டும், மேல் மவுண்ட் பேரிங் இரண்டும் மாற்றுங்கள். டை ராட் எண்டைத் தொடவேண்டாம்.

ஸ்ட்ரட் எப்போதும் ஜோடியாகத்தான். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் சோப்ளாங்கி என்றால் வளைவில் வண்டி இடதுக்கு ஒரு மாதிரி, வலதுக்கு ஒரு மாதிரி சாயும். உங்கள் ரோட்டில் அது ஆகாது. வலதில் இருப்பது எந்தக் கம்பெனி என்று பாருங்கள். ஒட்டியிருக்கும் லேபிள் படிக்க முடிந்து, எண்ணெய் ஈரமும் இல்லை என்றால் அதே கம்பெனியில் இடதுக்கு ஒன்று வாங்கினால் போதும். லேபிள் போயிருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். பெட்ரோல் ஸ்விஃப்ட்டின் ஸ்ட்ரட்டைக் கட்டிவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை. டீசல் இன்ஜின் கனம் அதிகம், ஸ்பிரிங்கும் ஷாக்கும் வேறு. கடையில் சேஸிஸ் நம்பரைச் சொல்லி வாங்குங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஸ்பிரிங்கை கம்ப்ரஸரில் அமுக்காமல் ஸ்ட்ரட்டின் நடு நட்டைக் கழற்ற யாரையும் விடாதீர்கள், உள்ளே அடங்கியிருக்கும் விசை ஆளையே அடிக்கும். ஸ்ட்ரட்டின் பளபளப்பான கம்பியைக் கட்டிங் பிளையரால் பிடித்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். அதில் ஒரு கீறல் விழுந்தால் எண்ணெய் சீல் சீக்கிரம் கிழியும். சக்கரத்தின் ஹப்பைக் கம்பி போட்டுக் கட்டச் சொல்லுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக்கூடாது.

இதைவிட முக்கியமான ஒன்று. லோயர் ஆர்ம் போல்ட்டுகளை வண்டி தூக்கியிருக்கும்போது கடைசி டைட் வைக்கக்கூடாது. புஷ்ஷின் உள் குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும், ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கவேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிப் பிழிந்த துணிபோல எப்போதும் அந்த நிலையிலேயே நிற்கும். புது புஷ் ஒரு வருஷத்தில் கிழிந்து வருவதற்குப் பல வண்டியில் இதுதான் காரணம். ‘டூப்ளிகேட் சாமான்’ என்று கடைக்காரனைத் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். போல்ட்டைக் கையளவு மாட்டிவிட்டு, ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து வண்டியின் பாரம் முழுக்க அதில் இறங்கும் வரை ஏற்றி, அப்புறம் பானா போடச் சொல்லுங்கள்.

கோவை டீசல்

ரப்பருக்குப் பதில் கெட்டியான யூரேத்தேன் புஷ் போட்டால் இந்தத் தலைவலியே இருக்காதே அண்ணா?

பழைய பட்டறை (திருச்செங்கோடு)

ரேஸ் ஓட்டுகிறவர் போடட்டும் தம்பி. ரோட்டின் அதிர்வு எல்லாம் உள்ளே வரும், கிரீஸ் காய்ந்தால் கீச்கீச் என்று கத்தும். சம்பளத்துக்கு மலை ஏறுகிறவருக்கு ரப்பரே போதும்.

மலைச்சாலை (நாமக்கல்)

வேலை முடிந்தது. இடது ஆர்ம், இரண்டு லிங்க் ராட், இரண்டு பேரிங், இரண்டு ஸ்ட்ரட் (வலதில் லேபிளே இல்லை). கூலியோடு 17,400. ஜாக்கி வைத்து டைட் வைக்கச் சொன்னதும் மெக்கானிக் என்னை ஒரு பார்வை பார்த்தார், ‘யாருங்க சொல்லிக்கொடுத்தது?’ என்றார். ஆனால் செய்தார். மூன்று சத்தமும் போய்விட்டது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நேராக நிற்கிறது. சக்கரக் கோணம் சரிபார்க்கும் அலைன்மெண்ட் நாளைக்கு. அதுவரை மலை ஏறலாமா?

பழைய பட்டறை (திருச்செங்கோடு)

வேண்டாம் அம்மிணி. ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டைக் கழற்றினாலே சக்கரத்தின் சாய்வு கொஞ்சம் மாறியிருக்கும். அலைன்மெண்ட் முடித்து, ஸ்டியரிங் நேராக நிற்கிறதா என்று பார்த்து, அலைன்மெண்ட் அளவு அச்சடித்த தாளைக் கையில் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். 500 கி.மீ. ஓடியதும் போல்ட்டுகளை ஒருமுறை டைட் பார்க்கச் சொல்லுங்கள். உள் விளிம்பு தேய்ந்த அந்த டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல் ரப்பர்) மிச்சம் இருந்தால் பின்னால் மாற்றிப் போடுங்கள், நூல் தெரிந்தால் அதை வைத்து மலை இறங்கவேண்டாம்.