பி3எச்டி படலம்: ஊட்டிக் குளிரில் ஃபில் ஃபேக்டர் விழுவது ஏன்?

பைக்காரா_சோலை:
ஊட்டி ஆய்வகம், ஆடி மாதம், அறை 14 டிகிரி. பிளாஸ்டிக் சோலார் செல் செய்கிறேன். பி3எச்டி (ஒளியை உறிஞ்சும் பாலிமர்), பிசிபிஎம் (எலக்ட்ரானை வாங்கும் ஃபுல்லரீன்) 1:0.8, குளோரோபென்சீனில் மில்லிக்கு மொத்தம் 36 மி.கி. நிமிடத்துக்கு 1000 சுற்றில் சுழற்றிப் பூசி, 140 டிகிரியில் 10 நிமிடம் அனீல் (சூட்டில் பதப்படுத்தல்). மாசியில் 0.6 வந்த ஃபில் ஃபேக்டர் (மின்னோட்ட-வோல்டேஜ் வளைவு செவ்வகத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்ற அளவு) இப்போது 0.38. வோல்டேஜும் 0.6-இலிருந்து 0.52. மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கினால் திறன் கூடும் என்கிறார்களே, அனீலை 30 நிமிடமாக்கலாமா அண்ணா?

கோத்தகிரி_பனி:
வேண்டாம் தம்பி. முதலில் பிசிபிஎம் சேர்க்காத குப்பியைச் சாய்த்துப் பாருங்க. நன்றாகக் கரைந்த பி3எச்டி கிச்சிலி நிறம். கத்தரிப்பூ நிறம் ஏறி, கூழ் மாதிரி நகர்ந்தால், சங்கிலிகள் கரைசலுக்குள்ளேயே அடுக்கி இழைகளாகிவிட்டன. அந்தக் கட்டிகள் 100 நானோமீட்டர் படலத்தைத் துருத்திக்கொண்டு நிற்கும். மேலே மின்முனையாக அலுமினியம் படிந்ததும் மின்கசிவுதான். 60 டிகிரியில் சில மணி நேரம் கலக்கி, சூடு ஆறுமுன் 0.45 மைக்ரான் டெஃப்லான் ஃபில்டரில் வடியுங்க. ஆறவிட்டு வடித்தால் பி3எச்டி ஃபில்டரிலேயே தங்கும், விகிதம் போச்சு. தகட்டையும் லேசாகச் சூடேற்றுங்க.

கொடை_வெயில்:
அடுக்கு நல்லதுதான், அளவோடு. சங்கிலிகள் சுமார் 3.8 ஆங்ஸ்ட்ராம் நெருக்கத்தில் அடுக்கினால் மின்சுமை எளிதாக ஓடும். ஆனால் ஒளி பட்டுப் பிறக்கும் எக்ஸிடான் (எலக்ட்ரான்-துளை ஜோடி) நகர்வதே 10 நானோமீட்டர் அளவுதான். அதற்குள் பிசிபிஎம் எட்டாவிட்டால் வீண். நீண்ட அனீலில் பிசிபிஎம் பிரிந்து மைக்ரான் அளவு ஊசிகளாகும், சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே தெரியும். அனீலுக்கு முன் யூவி-விஸ் (ஒளி உறிஞ்சல் அளவீடு) எடுங்கள். 605 நானோமீட்டரில் ஷோல்டர் (சங்கிலிகள் அடுக்கியதைக் காட்டும் புடைப்பு) தெளிவாக இருந்தால், குளிரில் மெதுவாகக் காய்ந்ததிலேயே பாதி வேலை முடிந்தது. 110 டிகிரியில் 10 நிமிடத்திலிருந்து தொடங்கலாம்.

குன்னூர்_மூடுபனி:
படலத்துக்கு அடியில் பூசும் பெடாட் (மின்கடத்தும் பாலிமர்) அடுக்கையும் மறக்காதீங்க. அது ஈரத்தை உறிஞ்சும். 140 டிகிரியில் 15 நிமிடம் காயவைத்து, ஆறியதும் தாமதிக்காமல் அடுத்த பூச்சு. குளோரோஃபார்முக்கு மாறலாமென்று யாராவது சொன்னால் கேட்காதீங்க: அது ஆவியாகும்போது படலம் குளிர்ந்து, மூடுபனி ஈரம் மேலே படிந்து, கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி வெளுத்துவிடும். இன்னொன்று, ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்தாலும் ஹாட்பிளேட்டின் 140-ஐ உயரம் மாற்றாது. குளிர்ந்த அறைதான் மேற்பரப்பைத் திரையில் காட்டுவதைவிடக் குறைக்கும். தெர்மோகப்பிள் வைத்து அளந்துவிடுங்க.

பைக்காரா_சோலை:
குப்பியில் கத்தரிப்பூ நிறமேதான், கூழும்கூட. மின்னோட்ட-வோல்டேஜ் வளைவில் 'எஸ்' வடிவம் இல்லை, 0 வோல்ட் பக்கம் கோடு சாய்கிறது.

கோத்தகிரி_பனி:
அப்படியானால் கசிவேதான். கூழான குப்பியை வீசிவிடாதீங்க, சூடேற்றினால் திரும்பக் கரையும்.