உங்களையோ உங்கள் பிள்ளையையோ அளந்தபோது என்ன நடந்தது? (அனுபவப் பகிர்வு)

நீலக்குயில்:

என் மகனுக்கு 6 வயது. உயரம் 116 செ.மீ., எடை 25.5 கிலோ. போனில் ஒரு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் எண்) ஆப்பில் போட்டால் 19 என்று வந்தது, பக்கத்திலேயே பச்சை நிறத்தில் ‘ஆரோக்கியமான எடை’. அதே வாரம் குழந்தைகள் டாக்டரிடம் போயிருந்தோம். அவர் கணக்குப் போட்டபோதும் அதே 19தான். ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. வளர்ச்சி வரைபடத்தை எடுத்து, கீழே வயது, ஓரத்தில் பி.எம்.ஐ. என்று விரலால் காட்டி, இரண்டும் சந்திக்கிற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். பருமனுக்கான கோட்டைத் தாண்டி நின்றது அந்தப் புள்ளி.

பெரியவர்களுக்குக் கணக்கு நேரடியானது. கிலோவில் எடை, அதை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 25 வந்தால் அதிக எடை, 30 வந்தால் உடல் பருமன். ஆணோ பெண்ணோ, வயது 20 ஆனாலும் 60 ஆனாலும் அதே எண்தான். பிள்ளைகளுக்கு இப்படி ஒரே எண் கிடையாது. முதல் வயதில் பி.எம்.ஐ. வேகமாக ஏறும், பிறகு 5, 6 வயதுவரை இறங்கும், அப்புறம் மறுபடி ஏறும். அதனால் ஒரே வயதுள்ள, ஒரே பாலினப் பிள்ளைகளோடுதான் ஒப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வரைபடப்படி 6 வயதுப் பையனுக்கு நடு அளவு 15.3. 16.8-ஐத் தாண்டினால் அதிக எடை, 18.5-ஐத் தாண்டினால் பருமன். பெரியவர் ஒருவருக்கு 18.5-க்குக் கீழே போனால் எடை போதாது என்று சொல்வார்கள். அதே 18.5! பெரியவர்களுக்கான ஆப்பைப் பிள்ளைக்குப் போடாதீர்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

“பட்டினி போட்டுடாதீங்கம்மா. எடை இப்போதைக்கு இங்கேயே நிக்கட்டும், உயரம் வளர வளரப் புள்ளி தானா இறங்கும்” என்றார் டாக்டர். உங்கள் வீட்டில் எப்படி அளந்தார்கள், என்ன சொன்னார்கள்? எழுதுங்கள்.

மழைத்துளி:

நான் நர்ஸ். பிள்ளைகளை அளப்பதுதான் என் அன்றாட வேலை. எடையைவிட உயரத்தில்தான் நான் கவனமாக இருப்பேன், கணக்கில் அதன் பிழை இரட்டிப்பாகிவிடும். 64 கிலோ எடையுள்ளவர் 160 செ.மீ. உயரம் என்றால் பி.எம்.ஐ. சரியாக 25. செருப்போடு நிற்கவைத்து 163 என்று எழுதினால் 24.1 ஆகிவிடும். ஆள் அதே ஆள்தான், பட்டியலில் மட்டும் இடம் மாறிவிடுகிறார். உச்சிக் கொண்டையை அவிழ்க்கச் சொன்னால் சில அம்மாக்கள் முகம் சுளிப்பார்கள். அவிழ்க்காமல் நான் அளக்க மாட்டேன். குதிகால் தரையில் பதிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்ப்பேன், பிள்ளைகள் எக்கி நிற்பார்கள்.

2 வயது ஆகாத குழந்தையைப் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் தேவை. படுத்து அளக்கிற நீளம், நின்று அளக்கிற உயரத்தைவிட சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. வரைபடத்தில் நடுக்கோட்டுக்கு மேலே +1, +2, +3 என்று கோடுகள் இருக்கும். 5 வயதுக்குள் உயரத்துக்கேற்ற எடை +2 கோட்டைத் தாண்டினால் அதிக எடை, +3 தாண்டினால்தான் பருமன். 5 வயதுக்கு மேல் பி.எம்.ஐ. +1 தாண்டினாலே அதிக எடை, +2 தாண்டினால் பருமன். எனவே வரைபடத்தைக் கையில் வாங்கியதும் எந்த வயதுக்கு உரியது என்று முதலில் பாருங்கள்.

கடைசிவரி:

எனக்கு 168 செ.மீ., 64 கிலோ. பி.எம்.ஐ. 22.7. வருஷா வருஷம் ‘நார்மல்’ என்றே வந்தது. இந்த முறை பரிசோதித்தவர் சட்டையைத் தூக்கச் சொல்லி, கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் பேனாவால் கோடு போட்டார். மூச்சை விடச் சொல்லி, வெளியே போன பிறகு டேப்பைப் படித்தார். 96 செ.மீ. நான் போடுவது 34 அங்குல பேண்ட். தொப்பைக்குக் கீழே கட்டுகிற பேண்டின் அளவை வைத்து இடுப்புச் சுற்றளவு சொல்ல முடியாது என்று அன்றைக்குத்தான் தெளிவானது.

தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதே பி.எம்.ஐ.யில் நம் உடம்பில் கொழுப்பு கூடுதலாக இருப்பதால்தான் ஆசியர்களுக்கு 23-லேயே கவனம் தேவை என்கிறார்கள். எளிய கணக்கு இன்னொன்று: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். எனக்கு 84-க்குள் இருந்திருக்க வேண்டும். பளு தூக்கும் என் நண்பனோ 175 செ.மீ., 90 கிலோ, பி.எம்.ஐ. 29.4. அவன் இடுப்பு 82தான்! 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் புள்ளியியல் அறிஞர் கெட்டலே மக்கள்திரளின் சராசரியை ஆராயப் போட்ட கணக்கு இது. பி.எம்.ஐ. என்ற பெயரே 1972-இல் வந்தது. ஒரு தனி ஆளின் தசையையும் கொழுப்பையும் அது எப்படிப் பிரித்துக் காட்டும்?

வெண்மேகம்:

என் பி.எம்.ஐ. 33. முழங்கால் வலி என்று ஓரிடத்தில் காட்டினேன். காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “எடையைக் குறைச்சிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அவமானத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

அடுத்துப் போன டாக்டர் இடுப்பை அளந்தார், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் எல்லாம் பார்த்தார். தூங்கும்போது மூச்சுத் திணறுகிறதா, படி ஏற, குளிக்க, உடை மாற்றச் சிரமமா என்றும் கேட்டார். லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் நீரிழிவு இதழ் அமைத்த நிபுணர் குழு, 2025 ஜனவரியில் வெளியான அறிக்கையில் இப்படித்தான் பார்க்கச் சொல்கிறதாம். பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவருக்குப் பருமன் என்று முடிவு கட்டாமல், இடுப்பு அளவாலோ நேரடியான கொழுப்பு அளவீட்டாலோ உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகு, கூடுதல் கொழுப்பால் உறுப்புகளோ அன்றாட வேலைகளோ ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கின்றனவா, இல்லை இனிமேல் பாதிக்கும் அபாயம் மட்டுமா என்று பிரிக்க வேண்டும்.

பிறகு முழங்காலை மடக்கி, திருப்பிப் பார்த்து ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். உள்ளே ஜவ்வு கிழிந்திருந்தது. இப்போது எடைக்கும் ஜவ்வுக்கும் தனித்தனியாக மருத்துவம் நடக்கிறது.