புதுப்பிப்பு: பின்னணியிலிருந்து திரும்பும்போது காலியாகும் பொது நிலை

செயலியைப் பின்னணிக்கு அனுப்பி வெகுநேரம் கழித்துத் திரும்பினால், பயனர் விவரங்களைத் தாங்கும் சிங்கிள்டன் (செயலி முழுதும் பகிர்ந்துகொள்ளும் ஒரே ஆப்ஜெக்ட்) காலியாக இருப்பது குறித்து முன்பு கேட்டிருந்தேன். காரணம் தெளிவாகிவிட்டது. நினைவகம் குறையும்போது ஆண்ட்ராய்டு பின்னணியில் உள்ள ப்ராசஸையே (நினைவகத்தில் இயங்கும் செயலியையே) நிறுத்திவிடுகிறது; பயனர் திரும்பும்போது புதிய ப்ராசஸைத் தொடங்கி, முகப்புத் திரையைத் தொடாமல், அவர் கடைசியாக விட்டுச்சென்ற ஆக்டிவிட்டியை (செயலியின் ஒரு திரையை) நேரடியாக மீட்டெடுப்பதால், முகப்பில் நிரப்பப்பட வேண்டிய மாறிகள் வெறுமையாகவே இருக்கின்றன. திரைக்கான தரவைத் தாங்கும் வியூமாடலும் இங்கே உதவாது. அது திரைச் சுழற்சியைத் தாண்டும், ப்ராசஸின் முடிவைத் தாண்டாது.

ஆகவே, அமர்வு விவரங்களைச் சாதனத்தில் நிலையாகச் சேமிக்கும் டேட்டாஸ்டோரில் வைத்து, சிங்கிள்டனை அவற்றின் தற்காலிக நகலாக மட்டும் கருதி, எந்தத் திரை முதலில் கேட்டாலும் சிங்கிள்டன் சேமிப்பிலிருந்து தன்னை நிரப்பிக்கொள்ளுமாறு மாற்றியிருக்கிறேன். பாதி நிரப்பிய படிவம் போன்ற சிறியவை, ப்ராசஸ் முடிந்தாலும் திரையின் நிலையைக் காக்கும் சேவ்டுஸ்டேட்ஹேண்டிலில் இருக்கின்றன. பெரிய பட்டியல்களை அதில் திணிப்பது ஆபத்து: அதில் உள்ளவை ப்ராசஸ்களுக்கு இடையே தரவைக் கடத்தும் பைண்டர் வழியாகவே செல்கின்றன; பைண்டர் பரிமாற்றங்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு ப்ராசஸுக்கு ஏறத்தாழ 1 எம்பி இடமே உண்டு.

சோதிக்க விரும்புவோர், செயலியைப் பின்னணிக்கு அனுப்பியபின் ஏடிபி (கணினியிலிருந்து சாதனத்துக்குக் கட்டளையிடும் கருவி) வழியாக, பின்னணி ப்ராசஸை நிறுத்தும் 'ஏஎம் கில்' கட்டளையை இயக்கலாம். அண்மைச் செயலிகளின் பட்டியலிலிருந்து தள்ளிவிடுவது இதற்கு ஈடாகாது. அப்போது சேமித்த ஆக்டிவிட்டி நிலையும் சேர்ந்தே நீங்கிவிடும்.